அண்ணாந்த குஞ்சுகள்

நாலாயிரம் கோழிக்குஞ்சுகள் இருக்கிற ஷெட்டிலிருந்து சத்தமே வரவில்லை என்பது, கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த வசந்தாமணிக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஐந்து வாரக் குஞ்சுகள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓயாமல் கீச்சிடும். அந்த இரைச்சல் பழகிப்போய், விடாத தூறல் மாதிரி காதுக்குப் பின்னால் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றிருந்தது. மதியம் மூன்று மணி வெயிலில், இரண்டு தோட்டம் தள்ளி ஜேடர்பாளையம் வாய்க்கால் ஓடுவதுகூடக் கேட்டது.

கம்பிவலைக் கதவைத் திறந்ததும் நனைந்த உமியும் எச்சமும் கலந்த காரநெடி மூக்கில் ஏறியது. சிமெண்ட் அட்டைக் கூரையின் வெக்கை தலையில் இறங்கியது. வழக்கமாகக் காலைச் சுற்றி ஓடிவரும் குஞ்சுகள் ஒன்றுகூட அசையவில்லை. எல்லாம் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தன. தலையைப் பின்னால் வளைத்து, உச்சி முதுகில் படும்படி, அலகு மேலே பார்க்க, கண்ணை மூடாமல் அண்ணாந்திருந்தன.

தன் கையால் வந்த வினை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

முந்தைய தடவை வளர்த்த குஞ்சுகள் மொத்தமும் ரத்தக் கழிச்சலில் செத்து, அவளும் அவள் புருஷன் நந்தகுமாரும் குழி வெட்டிப் புதைத்திருந்தார்கள். இந்தத் தடவையும் கழிச்சல் தலைகாட்டியபோது, சேலத்துக் கால்நடை டாக்டர் ஹெலன் ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து, ஐந்து நாள் தண்ணீரில் கலக்கச் சொன்னார். வசந்தாமணி பயத்தில், புருஷனிடம்கூடச் சொல்லாமல், மூன்று மடங்காகப் பன்னிரண்டு நாள் கலந்துவிட்டாள்.

டாக்டருக்குப் போன் போட்டு, குஞ்சுகள் அண்ணாந்து கிடப்பதைச் சொன்னாள். நந்தகுமார் பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியாது.

"எத்தனை நாள் மருந்து குடுத்தீங்கம்மா?"

"பன்னண்டு நாளுங்க. அளவும் சேத்தித்தானுங்க போட்டுட்டேன்."

"அந்த மருந்து பாக்க வைட்டமின் பி-1 மாதிரியே இருக்கும்மா. கழிச்சல் கிருமி ஏமாந்து அதை எடுத்துக்கிட்டு பட்டினியில சாகும். அளவு மீறிட்டா குஞ்சும் ஏமாந்துடும். தின்ன தீனியைச் சக்தியா மாத்த, உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சிட்ரிக் அமிலச் சுழற்சின்னு ஒண்ணு செக்கு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு. அதுல ஒரு நொதி, பி-1 இல்லாம வேலை செய்யாது. செக்கு நின்னா மூளைதான் முதல்ல சோரும். கழுத்து பின்னால இழுத்துக்கும்."

"பொழைக்குங்களா டாக்டர்?"

"பி-1 ஊசி போட்டா ஒரு மணி நேரத்துல தலை இறங்கிடும். முதல்ல அந்தத் தண்ணியைக் கொட்டுங்க."

திரும்பினாள். நந்தகுமார் திட்டவில்லை. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல மணி," என்றான். வண்டியை எடுத்துக்கொண்டு ஊசி மருந்து வாங்கப் பரமத்திக்குப் போனான்.

அவள் தனியாகத் தொட்டியைத் திறந்துவிட்டாள். ஷெட்டுக்குள் வரிசையாக இருந்த தண்ணீர்க் குடுவைகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தாள். வேர்வை கண்ணில் வழிந்தது, சேலை முழங்கால்வரை நனைந்தது. கிழக்குக் கோடிக்குப் போனபோதுதான் அதைக் கவனித்தாள். அங்கிருந்த குஞ்சுகளின் அலகுகள் மேற்கே சாய்ந்திருந்தன. மேற்குக் கோடியில் இருந்தவை கிழக்கே சாய்ந்திருந்தன. சுவரோரம் இருந்தவை உள்பக்கமாக.

நடுத் தூண். அதன் உச்சியில் கூரை சேரும் இடம். நாலாயிரமும் அந்த ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு குஞ்சைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அதன் கழுத்து மெல்ல முறுகி, தோல் இழுபட, மறுபடி அந்த இடத்துக்கே போனது. இன்னொன்றைத் திருப்பினாள். அதுவும். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. நோயில் சோர்ந்த உடம்பின் துடிப்பாக அது தெரியவில்லை. பூனையைக் கண்ட குஞ்சு இப்படித்தான் அடித்துக்கொள்ளும்.

வசந்தாமணி மேலே பார்க்கவில்லை. முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையை மட்டும் பார்த்து வேலை செய்தாள்.

ஐந்து மணிக்கு நந்தகுமார் வந்தான். ஆளுக்கொரு ஊசியுடன் முதுகோடு முதுகாகக் குந்தினார்கள். ஒரு குஞ்சுக்குப் போட்டதும் "ஆச்சு" என்றான் அவன். அவளும் "ஆச்சு" என்றாள். அந்தச் சத்தம் இருக்கும்வரை தைரியமாக இருந்தது.

"மேல மட்டும் பாக்காதீங்க," என்றாள்.

"ஏன், என்ன கெடக்குது மேல?"

"தெரியலீங்க. பாக்க வேண்டாம். நாஞ் சொல்றதக் கேளுங்க."

"பயந்து கெடக்கற மணி. ஒண்ணுமில்ல, பொழைச்சுக்கும்."

ஆச்சு. ஆச்சு. நூறு போயிருக்கும். நூற்றைம்பது. வலைக்கு வெளியே வெயில் மஞ்சளாகி, தூண்களின் நிழல் உமிமேல் நீண்டது. ஆச்சு, என்றாள் அவள்.

பதில் இல்லை.

"ஏனுங்க?"

இல்லை.

அவள் நிமிரவில்லை. பக்கவாட்டில் தரையில் அவன் நிழல் கிடந்தது. குந்திய உடம்பு. மடங்கிய முழங்கால். தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை இல்லை. அது பின்னால் சாய்ந்து, முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏனுங்க. இங்க பாருங்க. என்னையப் பாருங்க."

முழங்காலால் தவழ்ந்து அவனிடம் திரும்பினாள். வாய் திறந்திருந்தது. தொண்டை இறுகிப் புடைத்திருந்தது. கண் கூரையில். அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கல் மாதிரி இருந்தது. மார்பில் காது வைத்தாள். குஞ்சின் நெஞ்சு மாதிரியே அடித்தது.

என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. மருந்தை முழுதாக உறிஞ்சினாள். அவன் புஜத்தில் குத்தினாள். இன்னொரு குப்பி. இன்னொன்று. "சாமி, எறங்குங்க. எறங்குங்க சாமி." யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

எவ்வளவு நேரமோ. அவன் கழுத்து லேசாக நெகிழ்ந்தது.

தாடை தாழ்ந்தது. தலை மெல்ல, மெல்ல முன்னே வந்தது. வசந்தாமணிக்கு அழுகை பொங்கியது. சுற்றிலும் உமி சரசரத்தது. குஞ்சுகள். அவற்றின் தலைகளும் இறங்கிக்கொண்டிருந்தன.

ஊசி போட்டவை. ஊசி போடாதவையும்.

நாலாயிரமும். ஒரே சமயத்தில். ஒரே வேகத்தில்.

தீவனத்தின் பக்கம் ஒன்றும் திரும்பவில்லை. அவற்றின் பார்வைகள் கூரையிலிருந்து தூணுக்கு வந்தன. தூண் வழியே கீழே இறங்கின. தரையைத் தொட்டன. தரையோடு நகர்ந்தன. நிற்காமல். அவளை நோக்கி.

நந்தகுமாரின் கண்ணும் அவற்றோடு நகர்ந்து வந்தது. அவள் முகத்தைத் தாண்டியது.

அவள் தோளுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, எல்லாப் பார்வைகளும் நின்றன.