சாமித்தட்டுக்குப் போன மெமறி

“கீ... கீ... கீ...”

யதுஷா அக்காவின் புது மடிக்கணினி கத்தியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அக்காவின் முகத்தைப் பார்க்க ஆதிபாவுக்குப் பாவமாக இருந்தது. திங்கட்கிழமை அக்காவுக்குப் பல்கலைக்கழக வகுப்புத் தொடங்குகிறது. முழுக் கணினி வாங்க வசதியில்லை. அதனால் உள்ளே மெமறியும் டிஸ்கும் இல்லாத வெறும் கணினியைப் பம்பலப்பிட்டிக் கடையொன்றில் வாங்கினார்கள். டிஸ்கைக் கனடாச் சித்தி அனுப்பினார். மெமறியைத் தந்தவர் கீழ்வீட்டுப் புளோறன்ஸ் அன்ரி. “என்ர பழைய லப்டொப்பில சும்மா கிடக்குது. பிள்ளை படிக்கட்டும்” என்று கழற்றியே கொடுத்துவிட்டார். இரண்டையும் அக்காவே கணினிக்குள் பொருத்திப் பூட்டினாள்.

“மெமறி பழுது. அதுதான் கத்துது. அன்ரியிட்டயே திருப்பிக் குடுக்கப் போறன்” என்றாள் அக்கா.

“ஐயோ, போகாதையுங்கோ அக்கா! ஆசையாத் தந்தவ. பழுது எண்டு சொன்னா எவ்வளவு கவலைப்படுவா? ஒருக்காக் கழட்டித் தாங்கோ, பாப்பம்.”

அக்கா பற்றரியை எடுத்துவிட்டு மெமறியைக் கழற்றிக் கொடுத்தாள். ஆதிபா யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில், கணினியைத் தொடுகிற தங்க நிறப் பற்கள் வரிசையாக இருந்தன. சில பற்களில் மட்டும் ஏதோ மஞ்சளாகக் காய்ந்திருந்தது. மணந்து பார்த்தாள். நல்ல வாசம்!

“அம்மா! இதுக்குச் சந்தனம் வைச்சனீங்களோ?”

குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். “ஓம். அக்கா பூட்ட முதல் சாமித்தட்டில வைச்சுக் கும்பிட்டனான். கிரைண்டருக்கும் வைச்சனான், அது நல்லாத்தானே ஓடுது?”

“பொட்டு நெத்தியிலயெல்லோ வைக்கிறது! நீங்கள் பல்லில வைச்சிட்டீங்கள்!”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவின் முகம்தான் வாடிப்போனது.

“ஐயோ, நான் பழுதாக்கிப் போட்டனோ?”

“இல்லையம்மா. பல்லு விளக்கினாச் சரி.”

ஆதிபா புத்தகப் பையிலிருந்து அழிறப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்தாள். துகளை வர்ணத் தூரிகையால் தட்டிவிட்டாள். பற்கள் பளிச்சென்று ஆகின.

அக்கா மறுபடி பூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். கத்தல் இல்லை. திரையில் வெளிச்சம் வந்தது!

“நல்ல காலம், நீ என்னை மறிச்சனி” என்று அக்கா ஆதிபாவைக் கட்டிக்கொண்டாள். “வா, அன்ரியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவம். அவவின்ர மெமறியாலதான் இது ஓடுது.”

அப்போது அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

“அம்மா! எங்க வைக்கப் போறீங்கள்?” இருவரும் பதறிப்போய்க் கேட்டார்கள்.

“பயப்படாதையுங்கோ” என்ற அம்மா, ஆதிபாவின் நெற்றியில் குளிரக் குளிர ஒரு பொட்டு வைத்தார்.