மூன்றாம் எண் நடை

“யாரு இதை எளிய நடைன்னு எழுதினது?”

அவள் அதைக் குறிப்பாக யாரிடமும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துப் பழைய நூலகத்தின் பின்சந்து. எதிரே பதினோரு கல்படிகள். அப்பா கைத்தடியை மடியில் போட்டுக்கொண்டு முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி இன்றோடு ஐம்பது நாள்...

“நான்தாங்க.”

திரும்பினாள். நீளமான கைப்பிடி வைத்த அளவுச் சக்கரத்தைப் பிடித்தபடி ஒருவன் நின்றிருந்தான். கழுத்தில் நகராட்சி அடையாள அட்டை. முப்பத்தைந்து வயதிருக்கும். மாட்டிக்கொண்ட முழியும் கொஞ்சம் சிரிப்புமாகக் கண்கள்...

அவள் கையிலிருந்த மடிப்புத்தாளை நீட்டினாள். ‘குடும்பத்தோடு நடக்க எளிய பாதைகள்’ என்று நகராட்சி போட்டிருந்த தாள். ஊரைச் சுற்றிப் பார்க்க ஐந்து நடைகள்.

“மூணாம் நடை, முழுக்கச் சமதளம்னு போட்டிருக்கு. இந்தப் படியெல்லாம் ராத்திரியோட ராத்திரியா முளைச்சுதா?”

“அது... பழைய வரைபடத்தை வெச்சு எழுதினது. அதைச் சரிபார்க்கத்தான் இப்ப வந்தேன்.”

“இவருக்கு ஏதாவது ஆகியிருந்தா என்ன சரிபார்ப்பீங்க?”

குரல் நடுங்கிவிட்டது. அதைக் கேட்டதும் அவன் முகத்தில் சிரிப்பு காணாமல் போனது. சக்கரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மன்னிச்சிடுங்க சார். மூச்சு வாங்குதா?”

“மூச்சு ஒழுங்காத்தான் இருக்கு தம்பி,” என்றார் அப்பா. “முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன். நிறுத்தத்துல வண்டியை நிறுத்தியிருக்கேன், அவ்வளவுதான். இவதான் நடத்துநர் மாதிரி விசிலை விடாம ஊதறா.”

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பல்கலைக்கழக அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் வேலை. ஒரு புள்ளி விடுபட்டாலும் கண்ணுக்குத் தட்டுப்படும். இந்த ஐம்பது நாளாய் வீட்டிலும் அதே வேலைதான். அப்பா இருமினால் பிழை, இருமாமல் தூங்கினாலும் பிழை. எழுந்து போய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வருவாள்.

பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மடிப்புத்தாளில் ‘சமதளம்’ என்பதை அடித்தாள். “உட்கார இடம் எங்கெங்கன்னும் இதுல இல்ல. எவ்வளவு தூரத்துக்கு ஒரு பெஞ்சுன்னு தெரியாம நான் எப்படி இவரைக் கூட்டிட்டுப் போறது?”

அவன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான். “மத்த நாலு நடையையும் இப்படித் திருத்தித் தர்றீங்களா? ஞாயித்துக்கிழமை வர்றேன். கூடவே நடந்துடலாம்.”

அவள் வாயைத் திறக்குமுன் அப்பா, “வருவோம்,” என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆற்றோரப் பாதை, மணிக்கூண்டுச் சதுக்கம், மாணவர் விடுதிகளின் மதிலோரம்... ஞாயிறுதோறும் அப்பா முன்னால் கைத்தடியோடு, அவள் பக்கத்தில், சக்கரம் டிக் டிக்கென்று பின்னால். அப்பா அவனுக்கு ‘மேப்புத் தம்பி’ என்று பெயர் வைத்தார்.

“நூத்திப் பத்து மீட்டர். இங்க ஒரு பெஞ்சு,” என்பான் அவன்.

“நிழல் இல்ல. எழுதிக்கோங்க,” என்பாள் இவள்.

“நீங்க சிரிச்சு ஒரு கிலோமீட்டர் ஆச்சு. அதையும் எழுதிக்கவா?”

அவள் சட்டென்று ஆற்றைப் பார்ப்பாள். முகம் சூடாகும். ‘என்ன இது... அப்பாவோட நாடியைப் பார்க்க வந்த இடத்துல என் நாடி இப்படி ஓடுது...’

அந்த நினைப்பே அவளைப் பயமுறுத்தியது. இரண்டு வருடம் முன்பு வந்த வரனை, ‘அப்பாவைத் தனியா விட முடியாது’ என்று சொல்லி அனுப்பியவள். இப்போது அப்பாவின் இதயமே சொல்பேச்சு கேட்காத நிலை. இதில் ஆசை வேறு எதற்கு?

ஐந்தாவது வாரம் தாவரவியல் தோட்டத்துக்குப் போகும் பாதை பாக்கி. ஐந்து நடைகளில் அதுதான் நீளம். அவள் வேண்டாம் என்றிருந்ததால் அன்றும் ஆற்றோரத்திலேயே நடந்தார்கள். அப்பா தண்ணீர் கேட்டார் என்று கடைக்குப் போய்த் திரும்பியபோது, மரத்துக்குப் பின்னால் அவன் போனில் பேசுவது காதில் விழுந்தது.

“ஆமா, அவங்களை வெச்சுத்தான் சோதிச்சுப் பார்க்கறேன். அந்தப் பெரியவரால நடக்க முடிஞ்சா, யாராலயும் முடியும்.”

தண்ணீர் பாட்டில் கையில் சில்லிட்டது. சோதனைக்கு... அவ்வளவுதானா?

அன்று அவள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் திருத்திய தாள்களை உறையில் போட்டு, அலுவலக முகவரிக்கு அனுப்பிவிட்டாள். ஒரு வரிகூட எழுதவில்லை. அவனுடைய போனையும் எடுக்கவில்லை.

“மேப்புத் தம்பி எங்க?” என்று அப்பா கேட்டார்.

“வேலை முடிஞ்சுது. போயிட்டார்.”

“உன் மூஞ்சியைப் பார்த்தா முடிஞ்ச மாதிரி தெரியலையே பாப்பா.”

மூன்று வாரம் ஓடியது. அந்த ஞாயிறு அச்சகத்தில் அவசர வேலை. மதியம் மூன்றரைக்கு அவள் வீடு திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. மாற்றுச் சாவியால் திறந்தாள். கைத்தடி இல்லை. செருப்பு இல்லை. அப்பாவின் போன் மட்டும் சார்ஜரில் கிடந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீடு... தெருமுனை... மருந்துக்கடை... எங்கும் இல்லை. விரல் தானாக அவன் எண்ணை அழுத்தியது.

“அப்பாவைக் காணோம்...”

அவன் ஒரு கேள்வியும் வீணாக்கவில்லை. “என்ன சட்டை? மாத்திரை கையில இருக்கா? சரி, நீங்க ஆத்தோரமா போங்க. நான் தோட்டத்துப் பக்கமிருந்து வர்றேன். போனை வெச்சுடாதீங்க, பேசிக்கிட்டே இருங்க.”

மழையில் ஓடினாள். ஒவ்வொரு பெஞ்சும் காலி. காதருகே அவன் மூச்சு இரைத்தது. “இங்க இல்ல... அடுத்ததுலயும் இல்ல... பயப்படாதீங்க, நான் ஓடிட்டுத்தான் இருக்கேன்...” பிறகு ஒரு நிமிடம் சத்தமே இல்லை.

“இருக்கார். கண்ணாடி வீட்டுக்குள்ள இருக்கார். நல்லா இருக்கார்.”

தாவரவியல் தோட்டத்தின் கண்ணாடி வீட்டில், பெரணிச் செடிகளுக்கு நடுவே, தோட்டக்காரர் கொடுத்த நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். சொட்டு மழை படவில்லை. அவள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏம்ப்பா இப்படிப் பண்ணினீங்க?”

“ரெண்டு கிலோமீட்டர். தனியா நடந்தேன்.” அவர் அவள் தலையைத் தடவினார். “எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லலை. ஆகலாம். ஆனா என்னைக் காரணம் காட்டி நீ வாழாம இருக்கிறது இருக்கே... அதைப் பார்த்துக்கிட்டு எனக்கு நடக்க முடியலை பாப்பா.”

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். அவன் சொட்டச் சொட்ட நின்றிருந்தான். இமையெல்லாம் மழை...

“அன்னிக்கு நீங்க போன்ல பேசினதைக் கேட்டேன்,” என்றாள். “எங்களை வெச்சுச் சோதிக்கறதா.”

அவன் முகம் வெளுத்தது. “அதனாலயா... பயிற்சிக்கு வந்த இளவட்டங்களை நடக்கவிட்டுப் பார்த்தா போதும்னு மேலதிகாரி சொன்னார். முடியாது, அப்பா மாதிரி ஒருத்தர் நடந்து பார்த்தாத்தான் எளிய நடைன்னு எழுதுவேன்னு சண்டை போட்டுட்டு இருந்தேன். ஆனா உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். அது தப்புதான்.” கொஞ்சம் நிறுத்தினான். “வேலைக்காக வந்தது முதல் மூணு வாரம். அப்புறம் வந்த ஞாயிறெல்லாம்... அளந்து முடிச்ச பாதையைத்தான் திரும்ப அளந்தேன்.”

மழை கண்ணாடிக் கூரையில் கொட்டியது. அவள் புடவைத் தலைப்பை மறுபடி மறுபடி பிழிந்தாள், அதில் இனி தண்ணீரே இல்லை என்று தெரிந்தும்.

“எனக்கு எல்லாத்துக்கும் பயம். காலையில எழுந்தா பயம். போன் அடிச்சா பயம். அப்பாவைக் காணோம்னதும் யாரைக் கூப்பிடறதுன்னு நான் யோசிக்கவே இல்லை... உங்களைத்தான் கூப்பிட்டேன்.” நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். “உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. இதைச் சொல்லவும் பயமாத்தான் இருக்கு.”

அவன் நனைந்த கையைச் சட்டையில் துடைக்கப் பார்த்தான். சட்டையும் நனைந்திருந்தது. அப்படியே அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

“உங்க பங்கை நீங்க சொல்லி முடிச்சிட்டீங்க,” என்றான் மெல்ல. “உள்ள போய் அப்பாகிட்ட நான் கேட்கணுமே... என் நிலைமையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.”