இரவல் தரப்படாது

யாரும் தொடாமலே ஸ்கேனர் ‘பீப்’ என்றது.

கீழ்த்தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து புத்தகங்களுக்குக் கோடு போட்ட லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த துணை நூலகர் திரும்பிப் பார்த்தாள். நூலகத்துக்கு அன்று விடுமுறை. வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகாத கம்ப்யூட்டர் கவுன்டரில் தனியாக உறுமிக்கொண்டிருந்தது. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. உள்ளே பசையும் பழைய காகிதமும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாடை, போக வழியில்லாமல் தொண்டையில் வந்து உட்கார்ந்திருந்தது.

“குட்டி! அதை நோண்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது?”

பள்ளிக்கூடம் லீவு என்று கூட்டி வந்த மகள், சிறுவர் பகுதியில் படம் பார்த்துக்கொண்டிருப்பாள். காலையில் அடித்த கூத்து நினைவுக்கு வந்தது. மிஞ்சிய லேபிள் ஒன்றை மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள் குட்டி.

“அம்மா, நான் என்ன புத்தகம்?”

“நீயா? அகராதி. வாய் அவ்வளவு நீளம்.”

“என்னை யாராவது எடுத்துட்டுப் போவாங்களா?”

“எடுத்தா மறுநாளே கொண்டாந்து போட்டுடுவாங்க.”

சிரித்துக்கொண்டே மணிக்கட்டில் ஸ்கேனரை வைத்து, தலைப்பு என்ற இடத்தில் ‘குட்டி’ என்று தட்டினாள். அகராதியை வெளியே தரக் கூடாது. அதற்கு ‘இரவல் தரப்படாது’ என்ற கட்டத்தில் குறி போட வேண்டும். விளையாட்டுதானே என்று போடாமல் விட்டுவிட்டாள்.

இப்போது எழுந்து வந்து பார்த்தாள். திரையில் பச்சை எழுத்துகள் துடித்தன.

குட்டி. இரவல் வழங்கப்பட்டது. வாசகர்: சோதனை.

புரோகிராம் ஓடுகிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டரைப் பொருத்திய தம்பி உருவாக்கிய பொய் வாசகர்தான் சோதனை. அவனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, அந்தச் சோதனை வாசகர்...”

“அதை நேத்தே அழிச்சிட்டேனேக்கா.”

“இல்லப்பா, இருக்கு. இப்ப ஒண்ணு எடுத்திருக்கு.”

“பேய்க்கும் படிக்கிற பழக்கம் வந்துடுச்சா? போய் ஒரு டீ குடிங்கக்கா.”

சிறுவர் பகுதிக்கு ஓடினாள். படப் புத்தகம் விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. கழிப்பறை. இல்லை. பைண்டிங் அறை. இல்லை. வாசல் கதவில் உள்பக்கமாக அவளே போட்ட பூட்டு. சாவி இடுப்பில்.

கவுன்டருக்குத் திரும்பினாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. ‘உடனே திருப்பிக் கேள்’ என்ற கட்டளையைத் தட்டினாள்.

அலமாரிகளுக்கு நடுவே ஒரு சத்தம். ஒரு காலில் செருப்பு. மறுகால் வெறுங்கால். டப். சத். டப். சத்.

வந்தவளை அள்ளி அணைத்தாள். உடம்பு ஐஸாக இருந்தது.

“எங்கடி போன? உயிரே போயிடுச்சு!”

“அவங்க என்னைப் படிச்சாங்கம்மா.” குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. “நீ பாதியில கூப்பிட்டுட்ட.”

“யாருடி?”

குட்டி முடியை ஒதுக்கினாள். இடது காது முன்பக்கமாக மடிந்திருந்தது. விட்ட இடம் மறக்காமலிருக்கப் பக்கத்தின் முனையை மடித்து வைப்பார்களே, அப்படி. அம்மா நீவிவிட்டாள். நிமிரவில்லை.

ஸ்கேனரைப் பிடுங்கினாள். மணிக்கட்டில் வைத்தாள். பீப்.

திரும்பப் பெறப்பட்டது.

அப்பாடா. லேபிளில் நகத்தைக் கொடுத்துப் பிய்த்தாள். லேபிள் வந்துவிட்டது. கோடுகள் வரவில்லை. தோலிலேயே இருந்தன.

திரையில் இன்னொரு வரி.

முன்பதிவு: காத்திருப்போர் உள்ளனர்.

மெல்லத் திரும்பினாள். அலமாரிகளுக்கு நடுவே, கடைசிச் சுவர் வரைக்கும், ஒன்றின் முதுகோடு ஒன்றாக வரிசை நின்றது. பேச்சில்லை. தள்ளுமுள்ளு இல்லை. முன்னால் நின்றது, கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டது.