கல்யாண மகாலை அடைத்தவன்

மாடி அறை உள்ளே தாழிட்டிருந்தது. மதுமதியின் செருப்பு வாசலில் கிடந்தது. ஆனாலும் அரை மணி நேரமாக உள்ளே ஆள் நடமாடும் சத்தமே இல்லை.

செந்தமிழன் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தான். செஞ்சிப் பள்ளியொன்றில் அவன் ஓவிய ஆசிரியர். மதுமதி கல்லூரியில் உடன் படித்தவள். ஹம்பி, பிகானேர், இஸ்தான்புல் என்று ஊர் ஊராகச் சுற்றிப் பழங்கட்டடங்களை வரைந்து பெரிய பெயர் வாங்கிவிட்டாள். அவன் இருபது வருஷமாக வரைந்த கோட்டைப் படங்களோ பள்ளி வராந்தாவைத் தாண்டவில்லை. இப்போது அதே கோட்டையை வரைய அவள் சொந்த ஊருக்கு வந்து, அவன் வீட்டு மாடியிலேயே தங்கியிருந்தாள். முந்தாநாள் அவன் படங்களையெல்லாம் நிதானமாகப் பார்த்தவள், "நீ வெளியவே நின்னு வரையற, செந்தமிழா. அதான் கல்லு மட்டும் இருக்குது. நான் உள்ள போய்ட்டு வந்து வரையறேன்" என்றாள். அதைப் பிரியமாகச் சொன்னதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

பக்கத்துச் சன்னல் வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கினான்.

அறை காலி. டர்பன்டைன் வாடைக்கு அடியில் வௌவால் எச்சத்தின் நெடியும் நூற்றாண்டுகளாக வெயில் படாத கல்லின் ஈரமும் கலந்து வந்தன. மாலை நாலு மணி வெயில் தரையில் கிடக்க, ஆளுயரக் கேன்வாஸிலிருந்து குளிர்ந்த காற்று வீசி அவன் சட்டையை அசைத்தது. படத்தில் செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகால் அடுக்கடுக்காக எழுந்து நின்றது. அதன் இரண்டாம் அடுக்கு வளைவுக்குள், சுண்டுவிரல் உயரத்தில், நோட்டும் பிரஷ்ஷுமாக மதுமதி படியேறிக்கொண்டிருந்தாள். துப்பட்டா பறந்தது. காலடிச் சத்தம் கேட்டது.

அவனுக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷம் சுற்றிச் சுற்றி வந்தவனுக்குத் திறக்காத கட்டடம், வந்த ஒன்பதாம் நாள் இவளுக்குத் திறந்துவிட்டது.

மேசையில் ஈரப் பிரஷ் ஒன்று இருந்தது. கல் நிறத்தைத் தொட்டான். கீழ்வாசலை இழுத்துப் பூசினான்.

காலடி நின்றது.

முதல் அடுக்கின் வளைவுகளை அடைத்தான். இரண்டாம் அடுக்கு. மூன்றாவது. உள்ளே ஓடும் சத்தம். மேலே, இன்னும் மேலே.

"செந்தமிழா, இருட்டுது. இன்னா பண்ற?"

கொசு ரீங்காரம் போல மெலிந்த குரல். அவன் கை நிற்கவில்லை. அத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக அவன் ஒரு சுவரை வரைந்ததில்லை.

உச்சி வளைவு மட்டும் மிச்சம்.

அதில் அவள் வந்து நின்றாள். அழவில்லை. கெஞ்சவில்லை. ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டி அவன் முகத்தை அளந்தாள். நோட்டைத் திறந்தாள்.

கீழேயிருந்து மனைவி சுமலதா கூப்பிட்டாள். "ஏங்க, டீ ஆறுது."

பதில் சொல்ல வாயெடுத்தான்.

உதட்டின் மேல் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. இடமிருந்து வலமாக. ஈரமாக. மெதுவாக. திரும்பவும் ஒரு முறை.

கையால் தடவினான். மூக்கிலிருந்து தாடை வரை ஒரே வழவழப்பு. வாய் இல்லை. விரலில் கல் நிறம்.

"ஏங்க?" படியில் சுமலதாவின் காலடி.

உச்சி வளைவில் மதுமதி பிரஷ்ஷைத் தோய்த்தாள். அவன் கண்களை அளந்துகொண்டிருந்தாள்.