ஒரே மெஷினில் இரண்டு பரீட்சை

"ஐயோ... என் முழங்கால்!"

ஹாலிஎலயில் பஸ் ஏறி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பஸ் வளைவில் குலுங்க, பக்கத்து சீட்டுக்காரன் மடியில் வைத்திருந்த பெட்டி பாக்கியலெட்சுமியின் காலில் இடித்தது.

"மன்னிச்சுக்குங்க... வேணும்னு செய்யலைங்க."

"பொட்டிக்குள்ள என்னங்க, கருங்கல்லா?"

"டைப்ரைட்டருங்க."

திரும்பிப் பார்த்தாள். மழையில் நனைந்த தலைமுடி, தூங்காத கண்கள்... ஆனாலும் அந்தக் கண்களில் ஒரு சிரிப்பு! சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே தேயிலை மலை முழுக்க மழை.

"அதத் தூக்கிக்கிட்டு எங்க ஊர்வலம்?"

"பதுளைக்குத்தாங்க. தோட்டச் சங்க ஆபீஸ்ல டைப்பிஸ்ட் இன்டர்வியூ. அவங்கவங்க மெஷின அவங்கவங்களே கொண்டாரணும்னு கடுதாசியில போட்டிருக்காங்களே."

அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. அவளும் அந்த இன்டர்வியூவுக்குத்தானே போகிறாள்!

அவசரமாகக் கைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்தாள். சனிக்கிழமை காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணி அதை அம்மாவிடம் கொடுத்திருந்தார். அம்மா ரெங்கம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மகளுக்கு வேலைக் கடுதாசி என்று தெரிந்தால் போதாதா? நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, அடியில் வெற்றிடம் என்று நினைத்த இடத்தில் தாராளமாக ஒரு பூச்சுப் பூசி, மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்த பிறகுதான் மகளிடம் கொடுத்தாள். கடைசி வரி அந்த மஞ்சளுக்கு அடியில் போய்விட்டது. இப்போது நகத்தால் சுரண்டினால், 'இயந்திரத்தை' என்ற ஒரு சொல் எட்டிப் பார்த்தது.

அவன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவள் கண்கள் நிறைவதைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினான்.

அழாமல் என்ன செய்வாள்? அப்பா போன பிறகு அம்மா ஒருத்தி தேயிலைக் கொழுந்தெடுத்துத்தான் அவளை டைப் பழக அனுப்பினாள். இப்போது மலை ஏறினால் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. இந்த வேலை கிடைத்தால் அம்மா வீட்டில் இருக்கலாம்.

"அழாதீங்க. எம் பேரு வீரசிங்கம்... ஊரு பூனாகலை. இது பண்டாரவளையில ஜுனைதீன் நானா கடையில இரவலா வாங்கினது. ரெண்டு பேரு அடிச்சா தேஞ்சா போயிரும்?"

"போட்டிக்கு வந்தவருகிட்டயா உதவி கேக்குறது? வேணாங்க."

"சரி, அப்ப அந்தச் சந்தனக் கடுதாசியிலயே அடிங்க."

"மஞ்சளுங்க அது!"

அழுகைக்கு நடுவில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காரியாலயத்தில் ஆறு பேர் காத்திருந்தார்கள். "மெஷின் இல்லாதவங்க போகலாம்," என்றார் செயலாளர். வீரசிங்கம் எழுந்தான்.

"ஐயா, அவங்களும் என் மெஷின்லதான் அடிக்கப் போறாங்க."

"ரெண்டு பேரும் ஒரே வீடாப்பா?"

"இல்லைங்க ஐயா... ஒரே பஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியத்துக்கு முகம் சுட்டது.

முதலில் அவன் அடித்தான். பிறகு மெஷினை அவள் முன்னால் நகர்த்தும்போது மெல்லச் சொன்னான்: "வரி முடியிற எடத்துல இது சிக்கிக்கும். பதறாதீங்க. எடது கையால லேசா ஒரு தட்டு... அவ்ளோதான்."

பத்து நிமிஷத்தில் மூன்று தடவை சிக்கியது. மூன்று தடவையும் தட்டினாள். போட்டிக்காரியிடம் இதை ஏன் சொன்னான்? மனசு கேட்டுக்கொண்டே இருந்தது... விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

அடுத்து நேர்முகம். "கோவத்துல வர்ற ஆளு திட்டித் திட்டிச் சொல்லுவான். அத மனுவா அடிப்பியாம்மா?" என்று கேட்டார் செயலாளர்.

"எங்க லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் மனு எழுதிக் குடுக்குறது நாந்தாங்க ஐயா. திட்ட விட்டுட்டு வெசயத்த மட்டும் எழுதுவேன்."

செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். பிற்பகலில் அவள் பெயரை வாசித்தார்கள்! அம்மா முகம்தான் முதலில் கண்ணில் வந்தது. ஆனால் வாசலில் யாரோ முணுமுணுத்தார்கள்: "அந்தப் பையன் வேணும்னே தப்பா அடிச்சு, இந்தப் புள்ளைக்கு விட்டுக் குடுத்துட்டான்."

சந்தோஷம் பொசுக்கென்று போய்விட்டது. மழையில் நனைந்தபடியே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

"நில்லுங்க! என்னப் பாத்தா பாவமா இருந்திச்சா? நீங்க போட்ட பிச்சையில நான் அந்த நாற்காலியில உக்கார மாட்டேன். நாளைக்கே போயி வேணாம்னு சொல்லிருவேன்!"

அவன் முகம் சிவந்தது.

"நான் அவ்ளோ நல்லவன்னு யாருங்க சொன்னது? எனக்கும் வேலை வேணும். உசுரக் குடுத்து அடிச்சேன். ஒங்களப் பாத்ததுல வெரலு எடம் மாறிப் போச்சு, அது நெசம். ஆனா ஒரு எழுத்தக்கூட வேணும்னு விடல. செயலாளரையே கேட்டுட்டு வந்தேன்... எனக்கு ஒம்போது தப்பு, ஒங்களுக்கு ஒண்ணு. நீங்க ஜெயிச்சீங்க, நான் தோத்தேன்."

அவள் ஒரு அடி கிட்டே வந்தாள். "அப்ப... தட்டச் சொல்லிக் குடுத்தது?"

"மெஷின் கோளாறுல நீங்க தோத்து எனக்கு வேலை கெடச்சா, சோறு எறங்குமாங்க?"

"ரொம்ப நன்றிங்க..." என்றாள். எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான். இன்றைக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது. இப்படி ஒரு மனுஷனைக் கண்ணில் காட்டினாயே தாயே என்று மாரியம்மனுக்கும் ஒரு நன்றி சொன்னாள்.

பண்டாரவளை பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஹாலிஎல நெருங்கும்போது அவன் கேட்டான்.

"எனக்கும் ஒரு வேலை கெடைக்கட்டும்... அப்புறம் ஒங்க அம்மாகிட்ட வந்து பேசலாமாங்க?"

"அம்மாகிட்ட அப்புறம் பேசலாம். மொதல்ல எங்கிட்ட பேசுங்க."

பஸ் நின்றது. "எறங்குறவங்க எறங்கும்மா!" என்று கண்டக்டர் கத்தினார். அவள் எழுந்தாள், ஆனால் நகரவில்லை.

"புடிச்சிருக்குங்க..." என்றான் வீரசிங்கம். "ரொம்பப் புடிச்சிருக்கு."

அவள் விறுவிறுவென்று இறங்கினாள். போயே போய்விட்டாள் என்று அவன் நினைத்த நேரத்தில், மழையில் நின்று ஜன்னலைத் தட்டினாள்.

"எனக்குந்தாங்க! ஒங்களுக்கு வேலை கெடைக்கிற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் கெடச்சிருச்சே... இந்த ஞாயித்துக்கெழமையே அம்மாகிட்ட பேச வாங்க!"