வால் வெளியே சுற்றிய நாடா

டிசம்பரில் ஒஸ்லோவின் பொழுது, ஆள் வராத கடைக்காரனைப் போல மூன்று மணிக்கே ஷட்டரை இழுத்துவிடும். அருட்செல்வத்தின் வான் கிரெஃப்சன் மேட்டில் ஏறி அந்த மரவீட்டு வாசலில் நின்றபோது, கீழே நகரத்தில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

முதியோர் இல்லத்துக்குப் போகிறவர்களின் வீட்டுச் சாமான்களை மொத்தமாக எடுத்து விற்பது அருட்செல்வத்தின் தொழில். பக்கத்து சீற்றில் மனைவியின் தம்பி ஜோன்சன். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறவன். பழைய ரொக் இசை என்றால் சோறு தண்ணி மறப்பவன். புருசெத்திலிருந்து புறப்படும்போதே மனைவி நேசமணி வாசலில் நின்று சொல்லிவிட்டாள்: "தம்பியை அஞ்சு மணிக்கு முழுசாக் கொண்டுவந்து விடுங்கோ. அவன்ர மனுசி எமிலியாவுக்குப் பிள்ளைப்பேற்று நாள் கிட்டுது. அவன் பக்கத்திலை இருக்கவேணும்."

"மச்சான், உள்ளுக்கை போனதும் வாயை மூடிக்கொண்டு நில். நீ வாயைப் பிளந்தா விலை ரெண்டு மடங்கு."

"அத்தான், இது கிரோக்கெபியெல் குழுவின்ர நாடா. எழுபத்திமூண்டு, அவையள் உச்சத்திலை நிண்ட வருஷம். அந்தக் கோடையிலை திருவிழா மேடையளிலை வாசிச்ச ஒண்டும் இதுவரை வெளியிலை வரேல்லை. பதிவு இருக்கெண்டே ஒருத்தரும் நம்பேல்லை."

"பார். இப்பவே பிளந்திட்டாய்."

ஒரு பாட்டை இருபத்திரண்டு நிமிடம் இழுத்து, நடுவில் ஓர்கனையும் டிரம்மையும் அடிபட விடும் புரோக்ரெசிவ் ரொக் ரகம் அது. அருட்செல்வத்துக்கு அது மெஷினில் மீன் எலும்பு சிக்கின சத்தம். ஆனால் ஜோன்சனைப் போல நூறு பைத்தியங்கள் உலகத்தில் இருப்பது அவருக்குத் தெரியும். பைத்தியங்கள் இருக்கும் இடத்தில்தான் வியாபாரம்.

கதவைத் திறந்த ஹல்வார்ட் எழுபத்தாறு வயது நெட்டை மனிதர். இரண்டு கைகளும் காற்றில் பட்ட பனையோலைபோல ஆடின. அந்தக் கோடை முழுவதும் அந்தக் குழுவின் ஒலிப்பதிவாளராக இருந்தவர். நிலவறைக்குக் கூட்டிப்போனார். பழைய நாடாக்களின் புளித்த வினாகிரி வாடை. தட்டில் பத்து ஸ்பூல் டேப் பெட்டிகள். தள்ளி, தனியே, ஒரு சிவப்புப் பெட்டி.

"பத்தையும் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார் நோர்வே மொழியில். "சிவப்பையும் சேர்த்து எடுத்தால்."

அருட்செல்வத்தின் முதுகு நிமிர்ந்தது. மன்னார் பஜாரில் தகப்பனின் கருவாட்டுக் கடையில் வளர்ந்தவர் அவர். அதிக விலைக்கு அவர் ஒருநாளும் பயந்ததில்லை. சும்மா என்ற சொல்லுக்குத்தான் பயம்.

"சிவப்பிலே என்ன?"

"அவர்கள் வாசித்ததிலேயே மிகச் சிறந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, யூன் இருபத்துமூன்று, நடுக்கோடைத் திருநாளான சங்க்ட்ஹான்ஸ் மாலையில், முதலிலிருந்து கடைசிவரை ஓட்டவேண்டும். தவறக்கூடாது. எங்கள் தொழிலில் மூல நாடாவை ஓட்டி முடித்ததும் திருப்பிச் சுற்றமாட்டோம், வாலை வெளியே விட்டு அப்படியே வைப்போம். ஆகவே ஓட்டுமுன் திருப்பிச் சுற்றுங்கள். அப்படியே மாட்டினால் பின்னோக்கி ஓடும். அதுமட்டும் கூடாது." ஆடும் கைகளைக் காட்டினார். "இனி என்னால் நாடா கோக்க முடியாது."

"சாமானைப் பாக்காமல் எடுக்கிற பழக்கம் எனக்கில்லை," என்று அருட்செல்வம் பெட்டியைத் திறந்தார். "முதலில் திருப்பிச் சுற்றவேண்டும், தாருங்கள்," என்று கிழவர் பாய்ந்து கை நீட்டினார். அருட்செல்வம் தோளால் மறித்தார்.

"அத்தான், திருப்பிச் சுத்தித் தாறாராம்."

"திருப்பிச் சுத்திற சாட்டிலை நல்லதைத் தூக்கிப்போட்டு வேறையைக் கொழுவுவான். பஜாரிலை எத்தினை பேரைப் பாத்தனான். சாமான் என்ர கையிலை இருக்குமட்டும்தான் சாமான்."

தட்டுக்குப் பக்கத்தில் நின்ற டேப் மெஷினில், ஸ்பூலை இடப்பக்கம் மாட்டினார். நாடாவை ஜோன்சன் பத்துத் தரம் செய்து காட்டியிருந்தபடி கோத்தார். பொத்தானை அழுத்தினார்.

ஆயிரம் பேரின் கைதட்டல் உள்ளே இழுபட்டுப் போனது.

ஜோன்சன் சிரித்தான். "பின்பக்கமா ஓடுது அத்தான். பிசாசு பாத்றூமிலை வாய் கொப்புளிக்கிற மாதிரி."

கிழவர் சிரிக்கவில்லை. "நிறுத்து!" என்று கத்தினார். அருட்செல்வத்துக்கு அந்தக் கத்தலும் பேரத்தில் ஒரு பாகமாகவே பட்டது. நிறுத்தவில்லை.

கைதட்டலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. முதலில் ஒரு முனகல். பிறகு, சதையிலிருந்து எதையோ பிடுங்குவதுபோல ஒரு 'ப்'.

அருட்செல்வம் அதை அடையாளம் கண்டார். வட நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் வேலை செய்தவர். ஆள் நீளத்து ஹலிபட் மீன் உயிரோடு துள்ளினால் கட்டையால் மண்டையில் ஒரு போடு. எலும்பும் சதையும் சேர்ந்து தரும் அந்தச் சத்தம் வேறு எதிலும் வராது.

இது அதே சத்தம், தலைகீழாக.

ஒன்று. இரண்டு. எதையும் எண்ணாமல் விடும் பழக்கம் அவருக்கில்லை. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஓர் அலறல் தொண்டைக்குள் திரும்பிப் போனது.

பதினொன்று.

பிறகு ஒருவன் மூச்சு விட்டான். ஸ்பீக்கரில் அல்ல. அறைக்குள்.

அருட்செல்வம் பொத்தானைக் குத்தி நிறுத்தினார்.

டிசம்பரில், நிலவறையில், மழையில் மிதிபட்ட புல்லின் மணம் எழுந்தது. கம்பளத்தில் ஒரு சேற்றுத் தடம் பதிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று.

"ஒரு பையன் கோட்டுக்குள் சின்ன ரெக்கோர்டரை ஒளித்து வைத்துக்கொண்டு என் இசையைத் திருடினான்," என்றார் ஹல்வார்ட். அவர் தடங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இருபது வயது இருக்கும். மேடைக்குப் பின்னால் பிடித்தேன். என் கையில் மைக் தாங்கும் இரும்புக் கம்பி இருந்தது. என் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். பெயர்கூடக் கேட்கவில்லை. அந்தச் சங்க்ட்ஹான்ஸ் மாலையிலேயே ஏரியில் போட்டேன். நாடாவை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. அப்படி வாசித்திருந்தார்கள். வருஷா வருஷம் நேராக ஓட்டினால்தான் அவன் உள்ளேயே கிடப்பான்."

முதல் அடி கிழவரின் வாயில் விழுந்தது.

அடித்தவனைக் காணவில்லை. பற்கள் சுவரில் தெறித்து உருண்டன. இரண்டாவது காதின்மேல். தலை ஒருபக்கமாகத் திரும்பி, அப்படியே நின்றது. மூன்றாவதுக்கு முழங்காலில் விழுந்தார். நாலாவதில் நெற்றி உள்ளே போனதை அருட்செல்வம் கண்ணால் கண்டார். இரத்தம் பத்துப் பெட்டிகள்மேலும் சீறியது. ஜோன்சன் கத்திக்கொண்டு கிழவரை இழுக்கப் பாய்ந்தான்.

"விடடா! அவரை விடடா!"

ஒன்பதாவது அடியோடு கிழவரின் கால்கள் உதறுவதை விட்டன. உதடு என்று மிச்சமிருந்தது ஒருமுறை அசைந்தது. "ஸ்பூல்களை... மாற்றிப் போடு. முன்னோக்கி."

பதினொன்றில் இன்னும் இரண்டு.

சேற்றுத் தடம் ஜோன்சனின் பக்கம் திரும்பியது.

பத்தாவது, முகத்துக்குக் குறுக்கே அவன் தூக்கிய வலக்கையில் விழுந்தது. கை முழங்கைக்குக் கீழே இன்னொரு இடத்தில் மடங்கியது. எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. "அத்தான்!" என்றான். சுவரில் சரிந்தான்.

முழுசாக, என்று சொல்லியிருந்தாள் நேசமணி.

அருட்செல்வம் இரண்டு ஸ்பூல்களையும் கழற்றி இடம் மாற்றிக் கொழுவினார். விரல்கள் இரத்தத்தில் வழுக்கின. பொத்தானை அழுத்தினார்.

ஓர்கன் இப்போது நேராக ஒலித்தது. பாட்டு முடிகிற கட்டம், கம்பீரமாக. அதற்கு அடியில் ஓர் இளைஞனின் குரல் தெளிவாகக் கேட்டது. அடிக்க வேண்டாம், மெஷினைத் தந்துவிடுகிறேன், அம்மா காத்திருப்பா, என்று நோர்வே மொழியில் கெஞ்சியது.

அருட்செல்வத்தின் வலக்கை தானாக உயர்ந்தது.

வெறும் உள்ளங்கைக்குள் குளிர்ந்த கம்பி இருந்தது. கை இறங்கியது. ஒன்றுமில்லாத காற்றில் ஏதோ இடறி நெரிந்தது. அந்த நெரிவு அவருக்குப் பழக்கமானது. மறுபடி உயர்ந்தது. கையைத் தடுக்க அவரால் முடிந்திருக்கும். அதை அவர் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. சுவரோரம் கிடந்த ஜோன்சனைப் பார்த்தார். தடுக்கவில்லை.

நாடாவிலிருந்து அடிக்கிறவனின் உறுமல் எழுந்தது.

"சாவடா! செத்துத் துலையடா!"

அருட்செல்வத்தின் சொந்தக் குரல்.

பத்து அடி. அதன்பின் கெஞ்சல் இல்லை. ஆயிரம் பேர் கைதட்டினார்கள். நாடா முடிந்து, வால் வெளியே விழுந்து, டப் டப் என்று சுழன்றது. புல்லின் மணம் போய்விட்டது. பெட்டிகளில் தெறித்திருந்த இரத்தம் பழைய துருக்கறைபோல் பழுப்பாகிக் கிடந்தது.

பதினோராவது மட்டும் வரவில்லை.

பொலிஸ் இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்துவிட்டு விட்டுவிட்டது. கிழவரின் மண்டையில் ஒன்பது முறிவு. ஆனால் எல்லாம் அரை நூற்றாண்டுக்கு முந்தி உடைந்து பொருந்தியவை, செத்தது இதயம் நின்று என்றார்கள். அம்புலன்ஸ் வருமுன் ஜோன்சனின் எலும்பு உள்ளே போய்த் தோல் மூடியிருந்தது. வலியில் துடித்தவனிடம் எக்ஸ்ரே பார்த்த டொக்டர், இது ஐம்பது வருஷப் பழைய முறிவு என்றார். ஜோன்சனுக்கு வயது நாற்பது.

பத்துப் பெட்டிகளையும் அருட்செல்வம் தொடவில்லை. சிவப்பையும் மெஷினையும் மட்டும் எடுத்து வந்தார். வாழ்க்கையில் பேரம் பேசாமல் எடுத்த ஒரே சாமான்.

யூன் இருபத்துமூன்று. புருசெத் மாடிக்கட்டடத்தின் கீழறை. வெளியே வெயில் இன்னும் நின்றது, பிள்ளைகள் பந்தடித்தார்கள். மேலே எமிலியா மகளுக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருப்பாள். ஜோன்சன் இடக்கையால் தொட்டிலை ஆட்டுவான். அருட்செல்வம் பூட்டைப் போட்டு, நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டு, நாடாவைத் திருப்பிச் சுற்றினார். ஒருமுறைக்கு மூன்றுமுறை சரிபார்த்தார். ஓட்டினார்.

இருபத்திரண்டு நிமிடமும் நின்றபடி கேட்டார். கெஞ்சல் வந்தது. கை உயர்ந்தது.

ஒன்பது. பத்து.

கைதட்டல் ஓய்ந்தது. பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

ஸ்பீக்கரில் யாரோ மெல்லச் செருமினார்கள். பிறகு அந்த இருபது வயதுக் குரல், அவசரமில்லாமல், சுத்தமான தமிழில் சொன்னது:

"இன்னும் ஒண்டு கிடக்கு, அத்தான்."