மண்டபத்தில் எத்தனை பேர்?

வேதகிரி சார் இரண்டு பேர் என்று எழுதியிருந்தார். டெய்லர் ஞானதாஸ் மூன்று பேர் என்று எழுதியிருந்தார். நர்ஸ் மேரி சிஸ்டர் நான்கு பேர் என்று எழுதி, அதற்கு அடியில் கோடும் போட்டிருந்தாள்.

மூவரும் படித்தது ஒரே புத்தகம். ஒரே பிரதி.

பூங்காவனம் கருத்து நோட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மறுபடி படித்தாள். மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், தன் வீட்டு முன்னறையில் ஆறு வருஷமாக அவள் வாடகை நூல் நிலையம் நடத்திவந்தாள். கருத்து நோட்டு அவளுடைய யோசனைதான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் நாலு வரி எழுதிவிட்டுப் போக வேண்டும். அதைப் படிப்பதற்கென்றே சிலர் வருவார்கள், ஒருவர் கருத்தோடு இன்னொருவர் சண்டை போடுவார். வாரம் ஒருமுறை சுவாரசியமானதாக ஒன்றைப் பொறுக்கி வாசல் கரும்பலகையில் எழுதிப் போடுவாள்.

இந்த வாரச் சண்டை 'ஐம்பத்திரண்டு வாசல்' என்ற மாயாஜால நாவலைப் பற்றியது. காஞ்சிபுரத்தில் பழைய பேப்பர் கடையில் கட்டாக எடுத்த புத்தகங்களோடு வந்தது அது. அட்டையில் எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் பிய்ந்து, பசைத் தடம் மட்டும் மிஞ்சியிருந்தது. பூங்காவனம் அதைப் படிக்கவில்லை. ராஜா ராணிக் கதை அவளுக்கு ஓடாது. பின்னட்டையில் இருந்தது மட்டும் தெரியும். ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என்று நான்கு ராஜ்ஜியங்கள். அவர்களுக்குள் யுத்தம் கிடையாது, சீட்டில் கழுதை ஆட்டம்தான். ஐம்பத்திரண்டு வாசல் வைத்த மண்டபத்தில் உட்கார்ந்து ஆடுவார்கள். கையில் சீட்டுத் தீர்ந்தவன் எழுந்து ஒரு வாசல் வழியாகப் போகலாம். தீராதவன் உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

வேதகிரி சார், பஞ்சாயத்து ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மைப்பேனாவில் அழகாக எழுதியிருந்தார்: 'கற்பனை அபாரம். வர்ணனை சற்று அதிகம். கடைசி அத்தியாயத்தில் மண்டபத்தில் ராஜாவும் சீட்டுப் போடும் கிழவியும் மட்டுமே மிஞ்சுவது நல்ல முடிவு. இரண்டே பேரை வைத்து ஆசிரியர் நம்மைப் பயமுறுத்திவிடுகிறார்.'

அதன் கீழே ஞானதாஸ்: 'புக்கு சூப்பர். வேதகிரி சார் சரியா படிக்கல. மண்டபத்துல மூணு பேரு. கண்ணாடிய நெத்தி மேல ஏத்திக்கினு சீட்ட மூக்குகிட்ட கொண்ணாந்து பாக்குற பெரியவர வுட்டுட்டாரு. அவரு கேரக்டர்தான் டாப்பு.'

அதற்கும் கீழே மேரி: 'கதை பிடிக்கவில்லை. டூட்டி முடிந்து வந்து படித்தால் தூக்கம் போய்விடுகிறது. ஞானதாஸ் அண்ணனுக்கு: நான்கு பேர். கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரை எண்ணவில்லையா? ராஜா காலத்துக் கதையில் இஞ்ச் டேப் எப்படி வரும்? ஆசிரியரின் கவனக்குறைவு.'

பூங்காவனம் சிரித்துக்கொண்டே சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். 'மண்டபத்தில் எத்தனை பேர்? நீங்களே...' என்று எழுதியவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு, மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து பார்க்கிறவர். தினம் காலை எட்டு மணிக்கு இதே படியில் உட்கார்ந்து ஓசிப் பேப்பரை அப்படித்தான் ஒருவர் படிப்பார். கார்த்திகை தீபம் முடிந்து, மார்கழியும் வந்துவிட்டது. அவர் வந்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்குக் கடைசியாக வந்தார்.

சாக்பீஸ் விரலில் பிசுபிசுத்தது.

வேதகிரி சார் வீடு சன்னதித் தெருக் கோடியில் இருந்தது. பத்து மணி ஆகியும் பனி முழுசாக விலகவில்லை. எங்கோ கோயில் ஒலிபெருக்கி கரகரத்துக்கொண்டிருந்தது. கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளிருந்து தைல வாசனையும், அதற்கு அடியில் நாள்பட்ட துணியின் புளித்த வாசனையும் வந்தன. சாரின் மனைவி எல்லம்மாள் கதவைத் திறந்தாள். தலை வாரியிருக்கவில்லை.

"வா பூங்காவனம். பாரு உங்க சார. இருவத்தோரு நாளா இப்படியே கீறாரு."

கூடத்தில் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி நெற்றிமேல் இருந்தது. இடது கையை மூக்குக்கு நேரே தூக்கி, விரல்களை விசிறி போல விரித்து வைத்திருந்தார். கையில் ஒன்றுமில்லை.

"சார்," என்றாள் பூங்காவனம்.

அவர் திரும்பவில்லை. வலது கை மெதுவாக எழுந்து, இடது கை விரல்களின் நடுவிலிருந்து இல்லாத எதையோ உருவி, தரையில் வைத்தது. வைத்த இடத்தில் விரல் நகம் 'டக்' என்று பட்டது. அந்த இடத்தில் சிமெண்ட் தேய்ந்து வெளுத்திருந்தது.

"வாத நோய்ன்னு செங்கல்பட்டுல ஊசி போட்டாங்க. ஊட்டுனா முழுங்கறாரு. படுக்க வச்சா எழுந்து குந்திக்கறாரு. ராத்திரில கூட இந்த டக்கு டக்கு சத்தம் கேட்டுக்கினே கீது. எனக்கு இன்னா பண்றதுன்னே தெரியலம்மா." எல்லம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

பூங்காவனம் அவர் கண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சீட்டை வைத்துவிட்டு அவர் காத்திருந்தார். அடுத்தவர் போடட்டும் என்று காத்திருக்கிற முகம். கண்கள் இடமிருந்து வலமாக, தரைக்கு ஒன்றரை முழம் மேலே, உட்கார்ந்திருக்கும் ஆளின் முகம் இருக்கும் உயரத்தில் நகர்ந்தன. ஒரு இடத்தில் நின்றன. கொஞ்ச நேரம். பிறகு அடுத்த இடம். அடுத்தது. அடுத்தது.

நான்கு இடத்தில் நின்றன. பிறகு அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

நான்கு. அவரோடு சேர்த்து ஐந்து.

"வரேம்மா," என்று சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

தையல் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்குள் குனிந்து பார்க்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. பக்கத்து டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "டெய்லரா? உள்ளதான் குந்திக்கினு கீறாரு. யார் கூப்ட்டாலும் ஏன்னு கேக்கமாட்டேன்றாரு. பொண்டாட்டி வேளாங்கண்ணிக்கி நேர்ந்துக்கினு கீது. உன் ஜாக்கெட் துணி எதனா குடுத்தியா?"

எஸ்.டி.டி. பூத்துக்குள் காற்றே இல்லை. மேரி வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியின் எண்ணை மூன்று முறை தப்பாகச் சுழற்றி, நான்காவது முறை சரியாகப் போட்டாள். வார்டில் ஓர் ஆயம்மா எடுத்தாள்.

"மேரி சிஸ்டரா? டூட்டி ரூம்ல தரைல உக்காந்துக்கினு கீறாங்க. அஞ்சாறு நாளா எழுந்திரிக்கல. பெரிய டாக்டரு வந்து பாத்துட்டுப் போனாரு. நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?"

பூங்காவனம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஆயம்மாவின் குரலுக்குப் பின்னால், பினாயில் வாசனை அடிக்கும் ஏதோ ஒரு நீள நடையின் மறுகோடியில், அவளுக்கு அது கேட்டது.

டக்.

கொஞ்ச நேரம்.

டக்.

போனை வைத்தாள். புத்தகம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவளே கையில் எடுத்துக் கொடுத்தாள். செங்கேணி.

செங்கேணி ஏரிக்கு அந்தப்பக்கம் இருளர் குடியிருப்பில் இருந்தாள். பூங்காவனத்தைவிட நாலைந்து வயது சின்னவள். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டவள், அங்கேயே நிற்காமல் வாரம் ஒரு புத்தகம் கேட்டு வந்தாள். நூல் நிலையத்தில் வேறு யாரும் புத்தகத்தை அப்படி இரண்டு கையாலும் வாங்கியதில்லை. விரலை வரிக்கு அடியில் ஓட்டித்தான் படிப்பாள், மெதுவாக. முந்நூறு பக்கம். ஒரு வாரத்தில் முடித்திருக்க மாட்டாள்.

அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பூங்காவனம் சைக்கிளை எடுத்தாள். குடியிருப்பில் ஒரு கிழவர் மட்டும் வலை பின்னிக்கொண்டிருந்தார். எல்லாரும் திருப்புலிவனம் பக்கம் நடவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். எந்தக் கழனி என்று தெரியாது. "மூணு மணிக்கெல்லாம் கரையேறிடுவாங்க. குந்து," என்றார்.

குந்து என்ற சொல்லே அவள் முதுகில் ஊர்ந்தது. நின்றுகொண்டே காத்திருந்தாள்.

மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. யாரும் வரவில்லை.

அப்போதுதான், போன வாரம் புத்தகம் வாங்கும்போது செங்கேணி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. 'நடவுல எல்லாருக்கும் கதை சொல்லப்போறேன்கா. நாத்து வச்சிக்கினே கேப்பாங்க. இடுப்பு வலி தெரியாது. பதினெட்டு பேரு கீறோம்.' பூங்காவனம் அன்றைக்குப் பெருமைப்பட்டாள். முடித்ததும் அந்தப் பதினெட்டுப் பேர் கருத்தையும் கேட்டு நோட்டில் எழுத வேண்டும் என்றுகூடச் சொன்னாள்.

அவள்தான் சொன்னாள்.

ஏரி நிரம்பி, கரையின் விளிம்புவரை தண்ணீர் அசையாமல் நின்றது. கரைமேல் சைக்கிள் மிதித்துப் போகையில் இடதுபுறம் தண்ணீரிலிருந்தும் வலதுபுறம் கழனிகளிலிருந்தும் பனி எழுந்து வந்து, நடுவில் அவள் கால்களைச் சுற்றிக்கொண்டது. சேற்று வாசனை, அழுகிய வைக்கோல் வாசனை, பிடுங்கிப் போட்ட நாற்றின் பச்சை வாசனை. நடவு நடக்கும் கழனியை யாரும் தேட வேண்டியதில்லை, பேச்சும் சிரிப்பும் வசவும் கால் மைலுக்குக் கேட்கும். அவள் சைக்கிளை நிறுத்திக் காது கொடுத்தாள். கொக்குகூடக் கத்தவில்லை.

பிறகு, பனிக்கு உள்ளே எங்கோ, தண்ணீரில் ஏதோ வைக்கும் சத்தம்.

சளப்.

காத்திருந்தாள்.

சளப்.

சைக்கிளைக் கரைமேலேயே சாய்த்துவிட்டு இறங்கினாள். வரப்பு வழுக்கியது. செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டாள். இரண்டு கழனி தாண்டியதும் வரப்புமேல் ஒரு உருவம் நிற்பது தெரிந்தது. செங்கேணி. நின்றுகொண்டிருந்தாள். நிற்கிறாள் என்பதே பூங்காவனத்துக்கு அழுகையை வரவழைத்தது. முழங்கால்வரை சேறு. புத்தகத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தாள்.

"செங்கேணி! முடிச்சிட்டியா? சொல்லு, முடிச்சிட்டியா?"

செங்கேணி மெதுவாகத் திரும்பினாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"இல்லக்கா. கடைசி பக்கத்துக்கு மின்னாடியே நிறுத்திட்டேன். அவங்க ஒவ்வொருத்தரா குந்தறாங்கன்னு பாத்ததும் வாய மூடிக்கினேன்."

"குடு. அந்தப் புத்தகத்த குடு மொதல்ல."

கொடுத்தாள். பூங்காவனம் அதைத் திறக்கவில்லை. ஒரே வீச்சில் வாய்க்காலில் எறிந்தாள். மழைத் தண்ணீரின் வேகத்தில் அது புரண்டு, ஒருமுறை வெள்ளையாகத் தெரிந்து, மதகுக்குள் போய் மறைந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

"போச்சு. வா போலாம். ஆளுங்கள கூட்டிக்கினு வரலாம்."

"நான் நிறுத்திட்டேன்கா," என்றாள் செங்கேணி மறுபடியும். "ஆனா கத நிக்கல. நான் சொல்லாமயே அவங்க கேட்டுக்கினு கீறாங்க."

காற்று ஒருமுறை வீசியது. பனி விலகியது.

பாதி நட்ட கழனி. நடுவில், மார்பளவு சேற்றுத் தண்ணீரில், பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பதினேழு பேர். புடவை உப்பி மிதந்தது. ஒவ்வொருத்தியின் இடது கையிலும் நாற்று, விசிறியாக விரித்து, முகத்துக்கு நேரே. ஒருத்தி ஒரு நாற்றை உருவினாள். வட்டத்தின் நடுவில் வைத்தாள்.

சளப்.

எல்லாரும் அடுத்தவளைப் பார்த்தார்கள்.

செங்கேணியின் கையைப் பூங்காவனம் பற்றினாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது. இழுத்தாள். கை வந்தது, ஆள் வரவில்லை. குனிந்து பார்த்தாள். செங்கேணியின் ஒரு கால் வரப்பிலிருந்து இறங்கிச் சேற்றுக்குள் இருந்தது. அவள் அழுதுகொண்டே இறங்கிக்கொண்டிருந்தாள்.

"புடிச்சிக்கோ. கைய வுடாத," என்றாள் பூங்காவனம்.

"நீயும் வராதக்கா."

"நான் வரலடி. நான் எங்க வரேன்?"

கணுக்காலில் சில்லிட்டது.

வட்டத்தில் ஒருத்தி முகம் தூக்கினாள். யாரென்று தெரியவில்லை, நாற்று மறைத்திருந்தது. பக்கத்தில் இருந்தவள் நகர்ந்தாள். அதற்குப் பக்கத்தில் இருந்தவளும் நகர்ந்தாள். சேறு கலங்கி ஒரு இடைவெளி விழுந்தது. வீட்டுக்கு வந்தவர்களை உட்காரச் சொல்லிப் பாயைத் தட்டுகிற மாதிரி, அந்தப் பெண் வெறுங்கையால் தண்ணீரைத் தட்டினாள்.

ஒருமுறை செங்கேணியைப் பார்த்து.

ஒருமுறை அவளைப் பார்த்து.